மூக்காயியின் வாயில் மெசின் பார்த்தது

தர்மிளாவுக்கு அந்த வேலை கிடைத்ததற்கு முதல் காரணம் அவளுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும் என்பது. இரண்டாவது காரணம், தோட்டத்தில் யாரும் அவளுக்கு முன்னால் வாயைத் திறக்க வெட்கப்பட மாட்டார்கள் என்பது.

தெஹியோவிட்டவிலிருந்து தெரணியகலைக்குப் போகும் பஸ்ஸில் இறங்கி, ரப்பர் மரங்களுக்கு நடுவே முக்கால் மணி நேரம் ஏறினால் அந்தத் தோட்டம் வரும். தர்மிளா அங்கே பிறந்தவள். பதினான்கு வருடமாக அங்கேயே பிள்ளைக் காம்பராவில் வேலை. விடியலில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் பெண்கள் விட்டுச் செல்லும் குழந்தைகளைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தூங்கவைத்து, வெயில் ஏறிய பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுப்பாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பத்தொன்பது வயதில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினாள். அது முடிந்தபோது பெண் கேட்டு வந்தவர்கள் வேறு வீடுகளுக்குப் போயிருந்தார்கள்.

அவளுடைய அப்பா மூக்கையா வாய்ப் புற்றுநோயில் செத்தவர். முதலில் கன்னத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு காய்ந்து ஒட்டியதுபோல ஒரு வெள்ளை. "வெத்தலச் சுண்ணாம்பு சுட்டிருச்சு" என்று ஒரு வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அந்த வெள்ளைக்கு நடுவில் சிவப்பு வந்தது. தர்மிளா தினமும் டோர்ச் அடித்துப் பார்ப்பாள். அதனால் அந்த வெள்ளை எப்படி இருக்கும், சிவப்பு எந்த இடத்தில் தொடங்கும், விரலால் தொட்டால் எப்படிக் கெட்டிப்பட்டிருக்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

2023 தொடக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்து ஆட்கள் தோட்டத்துக்கு வந்தார்கள். வாயைப் படம் எடுத்தால் புற்றுநோய்க்கான அறிகுறி இருக்கிறதா இல்லையா என்று போனே சொல்லிவிடும் ஒரு திட்டம். வெற்றிலை போடாத ஆளே இல்லாத தோட்டம். பல் டொக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு நாள் வேலை போய்விடும். படமெடுக்க ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். டிஸ்பென்சரி ஐயா தர்மிளாவின் பெயரைச் சொன்னார். வேறு யார் பெயரைச் சொல்லியிருந்தாலும் அவள் போய்ச் சண்டை போட்டு அந்த வேலையை வாங்கியிருப்பாள்.

ஆஸ்பத்திரி மண்டபம் ஒன்றில் ஒரு நாள் பயிற்சி நடந்தது. சொல்லிக்கொடுத்தவர் ஹிமாயா என்ற விரிவுரையாளர். இரத்தினபுரி டவுனில் பிறந்த முஸ்லிம் பெண், முப்பது வயதிருக்கும். போனுக்குள் இருக்கும் அந்த மெசினைச் செய்தவர்களில் ஒருவர். தமிழில் பேசியதால் தர்மிளாவுக்குப் பயம் போனது. மரக் குச்சியால் கன்னத்தை ஒதுக்க வேண்டும், ஆறு படம் எடுக்க வேண்டும். பச்சை வந்தால் 'சாதாரணம்', சிவப்பு வந்தால் 'சந்தேகம், டொக்டரிடம் காட்டவும்'. அவ்வளவுதான்.

"மிஸ், அது எதப் பாத்து முடிவு பண்ணுதுங்க?" என்று தர்மிளா கேட்டாள்.

"ஆயிரக்கணக்கான வாயிப் படத்தக் காட்டிப் பழக்கி இருக்கோம் அக்கா. நோய் உள்ள படம் இது, இல்லாத படம் இதுன்னு. அதுவே கத்துக்கிட்டது."

"என்னத்தக் கத்துக்கிட்டது?"

ஹிமாயா சிரித்தார். "அத எங்களுக்கே சரியாச் சொல்ல ஏலா. ஆனா நூத்துக்குத் தொண்ணூத்து நாலு சரியாச் சொல்லுது. சோதிச்சுப் பாத்துட்டோம்."

திட்டத்துக்குப் பொறுப்பான பேராசிரியர் கடைசியில் வந்து சிங்களத்தில் ஐந்து நிமிடம் பேசினார். படம் எடுப்பவர்கள் தங்கள் சொந்த அபிப்பிராயத்தை யாருக்கும் சொல்லக்கூடாது. மெசின் சொல்வதை மட்டும்தான் சொல்ல வேண்டும். நீங்கள் டொக்டர்கள் இல்லை. அதைத் தர்மிளா தன் நோட்டில் எழுதிக் கீழே கோடு போட்டாள்.

மார்ச் மாதம் வேலை தொடங்கியது. பால் அளந்து முடிந்த பிறகு, மத்தியானத்தில், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக் கொட்டகையில் ஒரு பெஞ்சைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். ஆட்கள் வாயைக் கொப்பளித்துவிட்டு வரிசையில் வருவார்கள். பச்சை வந்தவர்கள் அந்தச் சந்தோஷத்தில் அங்கேயே பொட்டலத்தைப் பிரித்து இன்னொரு வெற்றிலை போடுவார்கள். பச்சை என்றால் போனுக்குத் தமிழில் ஒரு மெசேஜும் வரும். வந்ததெல்லாம் பச்சைதான். தர்மிளாவுக்கு அது ஆறுதலாக இருந்தது. பார்க்கிற வாயெல்லாம் அப்பாவின் வாயாக இருக்கும் என்று பயந்துகொண்டுதான் அவள் இந்த வேலைக்கு வந்திருந்தாள்.

மூக்காயி மூன்று வாரம் வராமல் ஏய்த்தாள்.

மூக்காயிக்கு நாற்பத்தாறு வயது. தோட்டத்தின் அந்த டிவிசனில் அவளைப்போல் மரத்தைக் காயப்படுத்தாமல் பால் வெட்டுகிறவர்கள் குறைவு. அவளைப்போல் வாய் உள்ளவர்கள் யாருமில்லை. கங்காணி ஒரு பெண்ணை அதட்டினால் நாலு மரம் தள்ளி நிற்கிற மூக்காயிதான் பதில் சொல்வாள். மழை நாளில் வேலை தர மறுத்தபோது தொரை பங்களா வாசலில் போய் நின்று தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிப் பேசி, தொரையைச் சிரிக்கவைத்து, வேலையை வாங்கி வந்தவள். பெண்கள் தங்கள் புருஷன்மாரிடம் சொல்ல முடியாததைக்கூட மூக்காயியை வைத்துச் சொல்லவைப்பார்கள். அவள் புருஷன் ஐயாவு அதிகம் பேசாத மனுஷன். "எனக்கும் சேத்து அவதான் பேசுறா" என்பார்.

ஒருநாள் தர்மிளா அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து பெஞ்சில் உட்காரவைத்தாள்.

"நல்லாப் பாருடி, உள்ளுக்கு எத்தன கெட்ட வார்த்த மிச்சமிருக்குன்னு" என்று சொல்லிவிட்டு மூக்காயி வாயைத் திறந்தாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

குச்சியால் இடது கன்னத்தை ஒதுக்கியதும் தர்மிளாவின் கை நின்றுவிட்டது. நாக்கின் ஓரத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு வெள்ளை. நடுவில் மிளகாய் விதை அளவு சிவப்பு. அது அவளுக்குத் தெரியும். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தது.

ஆறு படமும் எடுத்தாள். பச்சை. திரும்ப எடுத்தாள். பச்சை. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வீதம் சாதாரணம்.

"அக்கா, காரம் சாப்பிட்டா எரியுதா?"

"யாருக்குத்தான் எரியல?"

"இந்தப் பக்கம் வெள்ளையா இருக்குக்கா. எதுக்கும் ஒருக்கா ஆஸ்பத்திரில காட்டுனா..."

"போன்ல என்னா வந்திருக்கு?"

"பச்ச."

"பச்சன்னா?"

"சாதாரணம்."

"அப்பறம் என்னாடி? மெசினு இல்லங்குது, நீ இருக்குங்கிற. ஒங்கப்பா செத்ததுலருந்து ஒனக்கு எல்லா வாயிலயும் அதுதான் தெரியுது."

சொன்ன பிறகு மூக்காயியே நாக்கைக் கடித்துக்கொண்டாள். தர்மிளாவின் தோளைத் தட்டி, "கோவிச்சுக்காத" என்றாள். தர்மிளா கோபப்படவில்லை. அது உண்மையாக இருக்குமோ என்றுதான் நினைத்தாள். நோட்டில் கோடு போட்டு எழுதியதும் நினைவுக்கு வந்தது. சாயங்காலம் திட்ட அலுவலகத்துக்குப் போன் செய்து, பச்சை வந்த ஒருவரின் வாய் தனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்று சொன்னாள். போனை எடுத்தது ஒரு பையன்போல் இருந்தது. பச்சை என்றால் பச்சைதான் அக்கா, எல்லாரையும் அனுப்பினால் மெசின் எதற்கு என்று கேட்டான். அவளும் அதற்குமேல் பேசவில்லை.

மே மாதம் குச்சி தீர்ந்துபோனது. புதிய பெட்டி வர இரண்டு வாரமாகும் என்றார்கள். வரிசையில் வந்து நின்றவர்களைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல், தர்மிளா வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் கரண்டியைக் கொண்டுவந்து, ஒவ்வொருவருக்கும் கொதிநீரில் போட்டு எடுத்து, அதன் காம்பால் கன்னத்தை ஒதுக்கினாள். அன்று ஒன்பது பேர். ஏழு பேருக்குச் சிவப்பு வந்தது.

அந்த ஏழு பேரில் ஒருவன் சுரேந்திரன். இருபத்து நாலு வயது, அவிசாவளையில் ஒரு கடையில் வேலை, லீவில் வந்திருந்தவன். வெற்றிலையும் இல்லை, சிகரெட்டும் இல்லை. அவன் அம்மா அங்கேயே தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஏழு பேரும் ஒரு நாள் வேலையை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பல் டொக்டர் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, யார் உங்களை அனுப்பியது என்று சத்தம் போட்டார். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. தோட்டம் முழுக்க ஒரு வாரம் சிரித்தது.

தர்மிளா சிரிக்கவில்லை. கரண்டி பிடித்த அன்றைக்கு மட்டும் ஏன் சிவப்பு என்று யோசித்தாள். அலுவலகத்துக்குச் சொன்னாள். தந்த பொருளைப் பாவிக்காமல் படமெடுத்தது உங்கள் பிழை, இனி அப்படிச் செய்யாதீர்கள் என்று பதில் வந்தது. ஜூலையில் வேலை முடிந்தது. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேர். கரண்டி பிடித்த நாளை விட்டால், எல்லாருக்குமாகச் சேர்த்து வந்தது மூன்றே மூன்று சிவப்பு.

அக்டோபரில் மூக்காயிக்குக் காது வலி. பிறகு வாய் இரண்டு விரலுக்குமேல் திறக்கவில்லை. சோற்றைக் கரைத்துக் குடித்தாள். டிஸ்பென்சரியில் காதுக்கு மருந்து போட்டார்கள். மகள் விஜயகலா அவளை வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பல் டொக்டர் வாய்க்குள் பார்த்தது ஒரு நிமிடம்கூட இருக்காது. உடனே மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். "எவ்வளவு நாளா இருக்கு?" என்று கேட்டார். விஜயகலா, மார்ச்சில் சோதித்தபோது ஒன்றுமில்லை என்று சொன்னார்கள் என்று போனில் இருந்த மெசேஜைக் காட்டினாள். டொக்டர் அதை வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம்.

தர்மிளா விஷயம் கேள்விப்பட்டு மூக்காயியின் வீடிருந்த லயத்துக்கு ஓடினாள். ஐயாவு வாசலில் நின்றார். பேசாத அந்த மனுஷன் அன்று பேசினார்.

"பச்சன்னு நீதான சொன்ன?"

அவளால் உள்ளே போக முடியவில்லை.

டிசம்பரில் ஹிமாயா வந்தார். பெரிய ஆஸ்பத்திரி டொக்டர்கள் வெறும் பச்சை சிவப்பை நம்ப மாட்டோம், மெசின் எதைப் பார்த்துச் சொல்கிறது என்று காட்டினால்தான் ஏற்போம் என்று சொல்லிவிட்டார்களாம். அதற்காகப் புதிதாக ஒன்று சேர்த்திருந்தார்கள். தோட்டத்தில் எடுத்த பழைய படங்களை அதில் போட்டுப் பார்க்க வேண்டும், யாருக்கு எந்த இலக்கம் என்று தர்மிளா எழுதிவைத்த நோட்டும் வேண்டும்.

பிள்ளைக் காம்பராவில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. இரண்டு பேரும் தரையில் பாயில் உட்கார்ந்தார்கள். ஹிமாயா மடிக்கணினியைத் திறந்தார்.

"இப்ப படத்துக்கு மேல நிறம் வரும் அக்கா. முடிவு சொல்ல எந்த இடத்தக் கூடுதலாப் பாத்திச்சோ அங்க சிவப்பு. கொஞ்சமாப் பாத்த எடம் மஞ்சள். பாக்காத எடம் நீலம்."

"மொதல்ல மூக்காயி அக்கா படத்தப் போடுங்க மிஸ்."

ஹிமாயாவுக்கு மூக்காயி யாரென்று தெரியாது. நோட்டில் இருந்த இலக்கத்தைத் தேடி எடுத்துப் போட்டார்.

படம் வந்தது. திறந்த வாய், முன்வரிசையில் மூலை உடைந்த ஒரு பல், நாக்கின் ஓரத்தில் அந்த வெள்ளை. பிறகு அதன்மேல் நிறம் படர்ந்தது. நாக்கு முழுக்க நீலம். வெள்ளை இருந்த இடம் ஆழமான நீலம். சிவப்பு படத்தின் ஓரத்தில் இருந்தது. கன்னத்தை ஒதுக்கிப் பிடித்திருந்த மரக் குச்சியின்மேல், அதன் நீளத்துக்கு, இரத்தம் கொட்டியதுபோல.

ஹிமாயா அடுத்த படத்தைப் போட்டார். குச்சி. அடுத்தது. குச்சி. நாற்பது படம் பார்த்திருப்பார்கள். எல்லாப் பச்சைக்கும் குச்சிதான் சிவப்பாக இருந்தது. பிறகு தர்மிளா சொன்ன இலக்கத்தைப் போட்டார். சுரேந்திரனின் வாய். கரண்டிக் காம்பின்மேல் சிவப்பு.

"மிஸ், இது வாயவே பாக்கலியா?"

ஹிமாயா கரண்டிக் காம்பைத் திரையில் பெரிதாக்கினார். "நோய் உள்ள படமெல்லாம் ஆஸ்பத்திரிகள்ல எடுத்தது அக்கா. அங்க டொக்டர்மார் எவர்சில்வர் காம்பு வெச்ச பல் கண்ணாடியாலதான் கன்னத்த ஒதுக்குவாங்க. நோய் இல்லாத படம் ஊர்கள்ல கேம்ப் போட்டு எடுத்தது. அங்க மரக் குச்சி. அதுக்கு அது லேசாப் போச்சு. எவர்சில்வர் இருந்தா நோய், குச்சி இருந்தா நோய் இல்ல."

"தொண்ணூத்து நாலுன்னீங்களே."

"சோதிச்சதும் அதே மாதிரிப் படத்த வெச்சுத்தான்."

தர்மிளா எழுந்து போனாள். பெட்டியில் மிச்சமிருந்த குச்சி ஒன்றை எடுத்து, குழந்தைகளுக்குச் சோறு போடும் தட்டில் வைத்து, திட்டப் போனில் படமெடுத்தாள். பச்சை. தொண்ணூற்றெட்டு வீதம் சாதாரணம். அலமாரியிலிருந்து ஒரு கரண்டியை எடுத்து அதே தட்டில் வைத்தாள். சந்தேகம், டொக்டரிடம் காட்டவும்.

போனை ஹிமாயாவின் மடியில் வைத்தாள். ஒரு குழந்தை சிணுங்கியது. அதைத் தட்டிக் கொடுக்கப் போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எண்ட தப்புத்தான் அக்கா" என்றார் ஹிமாயா. "இத ஆரம்பத்திலயே போட்டுப் பாத்திருக்கணும். வேலை கூடும், அப்புறம் பாக்கலாம்னாங்க. நானும் சரின்னுட்டேன்."

போவதற்கு முன்னால், நானூற்றுப் பன்னிரண்டு பேரையும் டொக்டர்களைக் கொண்டு திரும்பப் பார்க்க வைப்பேன் என்று சத்தியம் செய்தார். அவர் அதை மனதாரத்தான் சொன்னார். தர்மிளா இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறாள்.

ஜனவரியில் கூட்டம் கூட்டினார்கள். தர்மிளாவையும் கூப்பிட்டிருந்தார்கள். சுவரில் பெரிதாக மூக்காயியின் வாய் விழுந்தது, முதலில் நிறமில்லாமல், பிறகு நிறத்தோடு. இது மிக முக்கியமான கண்டுபிடிப்பு என்றார் பேராசிரியர். மெசின் தவறான காரணத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதைக் காட்டிக்கொடுக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இதை வைத்துச் சர்வதேச மாநாட்டுக்கு ஒரு கட்டுரை எழுதலாம். எல்லாரும் குறிப்பெடுத்தார்கள். ஹிமாயா மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தர்மிளா எழுந்து சிங்களத்தில் கேட்டாள்: "சேர், பச்சை சொன்ன ஆட்களை எப்போது திரும்பப் பார்ப்பீர்கள்?"

திட்டக் காலம் முடிந்துவிட்டது என்றார். சுகாதாரப் பகுதிக்குக் கடிதம் போகும். அதுவரை ஆட்களிடம் எதுவும் சொல்லிப் பீதியைக் கிளப்ப வேண்டாம். படங்கள் வெவ்வேறு கருவிகளோடு எடுக்கப்பட்டதும் ஒரு பிரச்சினை என்று அறிக்கையில் எழுத வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவளைப் பார்த்தார்.

"கரண்டி பிடித்தது நான்தான் சேர்" என்றாள் தர்மிளா. "குச்சி நீங்கள் கொடுத்தது."

கூட்டம் முடிந்ததும் திட்டப் போனை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். நோட்டை யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரியில் மூக்காயி மஹரகமவிலிருந்து வீட்டுக்கு வந்தாள். நாக்கில் பாதிக்குமேல் எடுத்திருந்தார்கள். தாடையிலும் ஒரு துண்டு இல்லை. ஐயாவு வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்துத் தர்மிளா போனாள். விஜயகலா தடுக்கவில்லை.

மூக்காயி கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தாள். கழுத்தில் துணி சுற்றியிருந்தது. பேசினாள். ஆனால் வந்தது பேச்சில்லை. தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு சத்தம். விஜயகலாவுக்கு மட்டும்தான் அது புரிந்தது. அவள் சொல்லிச் சொல்லித்தான் மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும்.

"ஏன் பச்ச வந்திச்சுன்னு கண்டுபிடிச்சாச்சாமே, அதக் காட்டச் சொல்றாங்க" என்றாள் விஜயகலா.

அது எப்படியோ தோட்டத்துக்குள் பரவியிருந்தது. தர்மிளா மடிக்கணினித் திரையிலிருந்து தன் சொந்தப் போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினாள். நீலம் என்றால் என்ன, சிவப்பு என்றால் என்ன என்று சொன்னாள். மெசின் குச்சியைத்தான் பார்த்தது, நாக்கைப் பார்க்கவில்லை என்றாள். மூக்காயி போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். தன் பழைய நாக்கை அவள் அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று தர்மிளா நினைக்கவில்லை.

பிறகு ஏதோ கேட்டாள்.

"நீங்க எங்க பாத்தீங்கன்னு கேக்குறாங்க" என்றாள் விஜயகலா.

தர்மிளா பொய் சொல்லியிருக்கலாம். "நான் வெள்ளையப் பாத்தேன்க்கா. செவப்பையும் பாத்தேன்."

மூக்காயி போனைத் திருப்பிக் கொடுத்தாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நீளமாக ஒன்று சொன்னாள். தர்மிளா விஜயகலாவைப் பார்த்தாள்.

"என்னா சொன்னாங்க?"

"ஒண்ணுமில்ல. நீங்க போங்க அக்கா."

அந்த வாரமே தர்மிளா நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கடிதம் வருமென்று காத்திருக்கவில்லை. சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் லயம் லயமாகப் போனாள். ஒரு டோர்ச், இரண்டு விரல். சிலர் வாயைத் திறந்தார்கள். சிலர் கதவைத் திறக்கவில்லை. "அன்னைக்கு நீதான் பச்சன்ன, இன்னைக்கு நீயே செவப்புங்கிற, ஒனக்கே வெளங்குதா?" என்று ஒருத்தி கேட்டாள். மெசின் குச்சியைப் பார்த்த கதையைச் சொன்னால் சிலர் சிரித்தார்கள். படித்த ஆட்கள் செய்த மெசினுக்கு வாய்க்கும் குச்சிக்கும் வித்தியாசம் தெரியாமலா இருக்கும் என்றார்கள். தர்மிளாதான் சரியாகப் படமெடுக்காமல் கெடுத்துவிட்டு இப்போது கதை கட்டுகிறாள் என்று பேச்சு வந்தது. அறிக்கையில் இருந்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

மே மாதம் முடிவதற்குள் முந்நூறு வாய்க்குமேல் பார்த்திருந்தாள். பத்தொன்பது பேர் கட்டாயம் போக வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. பதினொரு பேர் போனார்கள். ஏழு பேருக்குப் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். அவர்கள் வந்து அவளைத் திட்டினார்கள். நான்கு பேருக்குச் சதை வெட்டிச் சோதித்தார்கள். அதில் இருவருக்கு வெள்ளையை அப்போதே வெட்டி எடுக்க முடிந்தது. அந்த இருவரும் அவளிடம் வந்து ஒன்றும் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. சுகாதாரப் பகுதிக்குப் போக வேண்டிய கடிதம் போனதா என்று இதுவரை யாருக்கும் தெரியாது.

ஜூனில் ஹிமாயா ஒரு கட்டுரையைப் போனுக்கு அனுப்பினார். கீழே, 'மன்னியுங்கள் அக்கா, கூட்டத்துக்குப் பிறகு நான் நிறையச் சொன்னேன், எடுபடவில்லை' என்று எழுதியிருந்தார். மேற்படிப்புக்கு வெளிநாடு போவதாகவும் இருந்தது. கட்டுரை இங்கிலீசில். தர்மிளா பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். நாலாம் பக்கத்தில் மூக்காயியின் வாய் இருந்தது. கண்ணும் மூக்கும் இல்லை, பெயர் இல்லை. ஆனால் மூலை உடைந்த அந்தப் பல்லைத் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். படத்தின் கீழ் இருந்த வரியைப் போனிலேயே தமிழாக்கிப் பார்த்தாள்: 'காரணம் வெற்றிகரமாகக் கண்டறியப்பட்ட ஓர் எடுத்துக்காட்டு.' கடைசியில் களப் பணியாளர்களுக்கு நன்றி என்று ஒரு வரி இருந்தது. படத்தைப் பாவிக்க யார் அனுமதி கொடுத்தது என்று யோசித்தாள். அவளே வாங்கிய கையெழுத்துத்தான். மார்ச் மாதம், வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தவர்களிடம் வரிசையில் வைத்து வாங்கிய தாள்.

ஆகஸ்டில் மூக்காயி செத்துப்போனாள். கடைசி மாதத்தில் விஜயகலாவுக்கும் அவள் சொன்னது புரியவில்லையாம். கைச் சைகையும் காட்டவில்லை. கோபம்போல என்றாள் விஜயகலா, யார்மேல் என்று சொல்லவில்லை. பிரேதம் போகும்போது தர்மிளா கடைசி ஆளாக நடந்தாள். ஐயாவு திரும்பிப் பார்த்தார். போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

பத்தொன்பது பேரில் போகாத எட்டுப் பேரில் ஒருவன் சசி. தோட்டத்து ட்ரெக்டர் ஓட்டுகிறவன், நாற்பத்தோரு வயது. தர்மிளா நான்கு தடவை போயும் அவன் வாயைச் சரியாகத் திறக்கவில்லை. முதல் தடவை ஒரு நொடி பார்த்ததோடு சரி. ஒவ்வொரு முறையும் போனை எடுத்து அந்தப் பழைய மெசேஜைக் காட்டுவான். "எழுத்துல இருக்கு பாருங்க, சாதாரணம்னு. ஒங்ககிட்ட எழுத்துல என்னா இருக்கு?"

மூக்காயியின் எட்டாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவன் பிள்ளைக் காம்பரா வாசலில் வந்து நின்றான். ட்ரெக்டரைக் கீழே நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தான். வாயைத் திறந்தான்.

தர்மிளா கையைக் கழுவிக்கொண்டு வந்து, வெளிச்சத்துக்கு அவன் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிப்ரவரியில் அவள் ஒரு நொடி பார்த்தது வெள்ளை. இப்போது சிவப்புக்கு நடுவே வெள்ளையைத் தேட வேண்டியிருந்தது.

"இருக்கா?" என்று கேட்டான்.

"இருக்கு."

"எப்பிடித் தெரியும்?"

அவனுடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து அவன் வாய்க்குள்ளேயே வைத்தாள். "இந்தா, இந்தப் பக்கம் தொடுங்க. மெத்துன்னு இருக்கா? இப்ப இங்க அமுக்குங்க. கெட்டியா இருக்குதில்ல, உள்ளுக்குக் கொட்டை இருக்கிற மாதிரி. வலிக்குதா?"

"வலிக்கல."

"வலிச்சா நல்லது, வெறும் புண்ணுன்னு நெனைக்கலாம். ஓரம் ஒசந்திருக்கு பாருங்க, விரல நகத்துங்க. இதனாலதான் சொல்றேன். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது."

அவன் விரலை இன்னொரு தடவை அந்த ஓரத்தில் நகர்த்தினான். பிறகு வெளியே எடுத்துச் சட்டையில் துடைத்தான்.

குழந்தைகளை உதவிக்காரப் பெண்ணிடம் விட்டுவிட்டு அவனை அன்றே தெஹியோவிட்ட பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனாள். மஹரகமவில் ஒரு பக்கத் தாடையை எடுத்தார்கள், கழுத்திலும் பரவியிருந்தது. அதற்கு முதல் நாள் அங்கே இருந்த டொக்டர், வருடத் தொடக்கத்தில் வந்திருந்தால் சின்ன வெட்டோடு போயிருக்கும் என்று சிங்களத்தில் சொன்னார். சசி தர்மிளாவைப் பார்த்து, "என்னா சொல்றாரு?" என்று கேட்டான். அவனுக்குச் சிங்களம் தெரியும். காது கேட்காமல் கேட்டானா, அவள் வாயால் கேட்க வேண்டும் என்று கேட்டானா என்று அவளுக்கு விளங்கவில்லை.

அவள் அவனுக்குச் சொன்னாள், ஒரு சொல் விடாமல்.